41,000 வெள்ளிக்குக் கணக்குக் கேட்பது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியுள்ள ஐயா, இரண்டு லோரிகளில் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனத்தை நடத்துகிறார். ஆண்டு வரவு ஏறக்குறைய 800,000 வெள்ளி (ரிங்கிட்), வேலையாட்கள் அறுவர். 2025-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்க்க ஈப்போவிலிருந்து வந்த இளம் பெண் கணக்காளர், வங்கியிலிருந்து ரொக்கமாக எடுத்த 41,000 வெள்ளிக்கு ரசீது கேட்கிறாராம். "என்னைத் திருடன் என்று நினைக்கிறார்களா?" என்று கேட்கும் இவரிடம், 2,000 வெள்ளி கொடுத்தால் ரசீதுகளும் கணக்காய்வாளர் கையெழுத்தும் வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

ஐயா, அந்தப் பெண் தம் வேலையைச் செய்கிறார். ஆலை உங்கள் வங்கிக் கணக்கில் போட்ட தொகையை எடுத்து, அதற்குரிய விலைப்பட்டியலோடும், எடைமேடையில் கொடுத்த எடைச்சீட்டுகளோடும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார். வெளியே போன பணத்துக்கும் அப்படியே. சீட்டு இல்லாத ரொக்கத்தைச் செலவென்று எழுத அவருக்கு வழியில்லாததால், அது பெரும்பாலும் இயக்குநர் கணக்கில், நீங்கள் நிறுவனத்துக்குத் தரவேண்டிய கடனாக ஏறிவிடும். வருமான வரிச் சட்டத்தின் 140பி பிரிவின்படி, இயக்குநருக்கு வட்டியில்லாமல் கொடுத்த பணத்துக்கும் வட்டி வந்ததாகவே கொண்டு நிறுவனத்திடம் வரி கேட்பார்கள். ஆகவே டீசல் ரசீதுகளைத் தேடி எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே நகலெடுத்து வைப்பதுதான் நல்லது. ஓட்டுநருக்குக் கையில் கொடுத்த கூலியென்றால், தேதியும் அவர் கையெழுத்தும் உள்ள பட்டியல் வேண்டும். அதற்குச் சேமநிதியும், சமூகப் பாதுகாப்புக் காப்பீடான சொக்சோவும் கட்டியிருக்க வேண்டும்.

தரகர் பேச்சுக்கு வருகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நிதியமைச்சின் அனுமதி பெற்ற கணக்காய்வாளர் மட்டுமே கணக்காய்வு அறிக்கையில் கையெழுத்திட முடியும். வரி முகவருக்கு வருமான வரிச் சட்டத்தின் 153-ஆம் பிரிவின்கீழ் தனி அனுமதி உண்டு. தரகரிடம் இரண்டுமே இருக்காது. அவர் செய்து தரும் பொய் ரசீதோடு போகும் வரிப் படிவத்துக்குப் பொறுப்பேற்பது இயக்குநராகிய நீங்கள். வேண்டுமென்றே வரி ஏய்த்ததாக 114-ஆம் பிரிவில் வழக்கு வந்தால், மூன்றாண்டு வரை சிறையும், ஏய்த்த வரியைப் போல் மும்மடங்கு தண்டமும் விதிக்கலாம். அந்த நாளில் தரகரின் கைப்பேசி அணைந்திருக்கும். தோட்டத்தை விட்டு வந்து, அரும்பாடுபட்டு லோரி வாங்கிய எத்தனையோ பேர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

"சிறிய நிறுவனத்துக்குக் கணக்காய்வே வேண்டாமாமே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. 2025 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் நிதியாண்டுக்கு, மொத்த வரவு 10 லட்சம் வெள்ளி, மொத்தச் சொத்து 10 லட்சம் வெள்ளி, ஊழியர் 10 பேர் என்ற மூன்று வரம்புகளில் இரண்டுக்குள் அடங்கினால் விலக்குக் கிடைக்கும். 2026-இல் தொடங்கும் ஆண்டுக்கு அவை 20 லட்சம், 20 லட்சம், 20 பேர். 2027-இல் 30 லட்சம், 30 லட்சம், 30 பேர். அந்த ஆண்டோடு முந்திய இரண்டு ஆண்டுகளிலும் அடங்கியிருக்க வேண்டும் என்பதைத்தான் தரகர்கள் சொல்வதில்லை. 5 விழுக்காட்டுப் பங்கு வைத்திருக்கும் உங்கள் மைத்துனர் கணக்காய்வு வேண்டுமென்று உரிய காலத்தில் எழுதிக் கேட்டாலும் விலக்குப் போய்விடும். விலக்குக் கிடைத்தாலும் நிதியறிக்கை தயாரித்து, நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் தாக்கல் செய்யத்தான் வேண்டும். ஆவணங்களை ஏழாண்டு காக்கத்தான் வேண்டும். மூன்றாவது லோரிக்குக் கடன் கேட்டால் வங்கி கணக்காய்வு அறிக்கையைக் கேட்கவும் கூடும். ஆண்டுக்கொரு வரம்பு வைத்து, அதைத் தோட்டத்துப் பள்ளியில் படித்தவருக்குப் புரியாத மொழியில் எழுதி வைத்தால், மக்கள் தரகரிடம் போகாமல் வேறெங்கே போவார்கள்?

எங்கள் கணக்காய்வுத் தொழிலிலும் குறையுண்டு. ஆண்டுதோறும் புதிதாக ஒருவரை அனுப்பி, சென்ற ஆண்டு கேட்டதையே மறுபடி கேட்க வைக்கிறோம். எனவே அந்தப் பெண்ணிடம், எந்தத் தேதியில் எடுத்த எந்தத் தொகைக்குச் சீட்டு வேண்டும் என்பதை எழுதித் தரச் சொல்லி, ஒரு நகலை உங்கள் கோப்பில் வையுங்கள். டிசம்பர் 31-இல் ஆண்டு முடிவதால், உங்கள் வரிப் படிவத்துக்குக் கெடு ஜூலை 31.