வாசகர் கேள்விகள்: சிக்காகோப் புறநகரின் பாடசாலைச் சபைத் தேர்தல்

இம்முறை வந்த கடிதங்கள் பலவும் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தமையால், இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். சிக்காகோ நகரை அடுத்த புறநகர்களில் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் வாழ்கின்ற கொழும்பு வாசகர்கள், அங்கே நடைபெறும் பாடசாலைச் சபைத் தேர்தலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் சிக்காகோவுக்கு வடமேற்கே ஒரு புறநகரில் வசிக்கிறாள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் முதன்முறையாக ‘ஹைஸ்கூல் போர்ட்’ தேர்தலில் வாக்களிக்கப் போவதாகச் சொன்னாள். இது நமது பாடசாலை அபிவிருத்திச் சங்கத் தெரிவு போன்றதா? உயர்நிலைப் பாடசாலைக்கு மட்டும் தனியாக ஒரு சபை எதற்கு?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: அபிவிருத்திச் சங்கத்துடன் ஒப்பிட்டால் அதன் கனம் விளங்காது. நமது சங்கத்தில் அதிபரே தலைவர், பெற்றார் அங்கத்தவர்கள், சங்கத்தின் செல்வாக்குப் பாடசாலை மதிலோடு நின்றுவிடும். அங்குள்ள சபையோ சட்டப்படி ஒரு தனி அரசாங்கம். வரி விதிக்கும், காணி வைத்திருக்கும், வழக்குத் தொடுக்கும், தன்மீது தொடுக்கப்படும் வழக்குக்கு முகங்கொடுக்கும். அதன் எல்லையும் ஊர் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டார் வெவ்வேறு சபைகளுக்கு வாக்களிப்பதும் உண்டு.

இலினோய் மாநிலத்தில் சில இடங்களில் பாலர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்புவரை ஒரே சபை நடத்துகிறது. ஆனால் சிக்காகோப் புறநகர்கள் பலவற்றில் 8ஆம் வகுப்புவரை ஒரு சபை, 9 முதல் 12 வரை இன்னொரு சபை. ஊருக்கு ஊர் சிறு பாடசாலைகள் தோன்றி வெகுகாலத்தின் பின்னரே உயர்நிலைப் பாடசாலைகள் வந்தன. ஒரு சிற்றூர் தனியே அந்தச் செலவைத் தாங்க முடியாமற் போனபோது, பல ஊர்களை அடக்கிய ‘டவுன்ஷிப்’ அளவில் அவற்றை அமைத்தார்கள். அந்தப் பிரிவு இன்றும் நிலைத்திருக்கிறது. உதாரணமாக, பலடைன், ஷாம்பேர்க் பகுதிகளை உள்ளடக்கிய 211ஆம் இலக்கப் பாடசாலை மாவட்டத்தின் சபை ஐந்து பெரிய உயர்நிலைப் பாடசாலைகளை நடத்துகிறது. அங்கே வரும் பிள்ளைகள் 8ஆம் வகுப்புவரை வேறு சபைகளின் பாடசாலைகளில் படித்தவர்கள். நமது கணக்கில், சாதாரண தர, உயர்தர வகுப்புகளுக்கு மட்டும் தனியாக ஒரு கல்விச் சபை இருப்பதாகக் கொள்ளுங்கள்.

உறுப்பினர் ஏழு பேர். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். ஒற்றைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் மாதத்தில் தேர்தல் வரும். எல்லா இடங்களும் ஒரே முறையில் காலியாவதில்லை. உங்கள் மகள் அதே நாளில் ஊர்ச்சபைக்கும் நூலகச் சபைக்கும் பூங்காச் சபைக்கும் வாக்களிக்க நேரலாம். அமெரிக்க மாநிலங்களுள் மிக அதிகமான உள்ளூர் அரசாங்கங்கள் இலினோயில்தான் உள்ளன.

கேள்வி: அந்தச் சபை உண்மையில் எதைத் தீர்மானிக்கிறது? பாடத்திட்டத்தை மாற்றலாமா? ஆசிரியரை இடமாற்றலாமா? அங்கிருக்கும் என் மருமகன் அனுப்பிய துண்டுப்பிரசுரங்களைப் பார்த்தால், நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதே தேர்தலின் முழு விடயம் போலிருக்கிறது.
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: துண்டுப்பிரசுரத்தில் பெரிய எழுத்தில் வருவது ஒன்று, சபை ஆண்டு முழுவதும் செய்வது வேறொன்று. புத்தகச் சர்ச்சையை அற்பமென்று சொல்லமாட்டோம். அது சபைக்கு வரத்தான் செய்கிறது. ஆயினும் சபையின் வேலையிற் பெரும்பகுதி பணமும் ஆட்களும் பற்றியது.

முதலாவது பணம். இலினோய்ப் புறநகர்ப் பாடசாலைகளின் வருமானத்தில் பெரும்பங்கு நாம் சோலைவரி என்று சொல்லும் வீட்டு ஆதன வரியிலிருந்து வருகிறது. அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வரி அறவிட வேண்டும் என்பதைச் சபை ஒவ்வொரு டிசம்பரிலும் வாக்கெடுத்துத் தீர்மானிக்கிறது. வரிச்சீட்டு வீட்டுக்கு வருவது அந்த டிசம்பர் முடிந்து வரும் ஆண்டில். ஆகவே சீட்டைக் கண்டு கோபங்கொள்பவர், அதற்குக் காரணமான கூட்டம் எப்போது நடந்ததென்பதை மறந்திருப்பார். சிக்காகோவைச் சூழ்ந்த ‘கவுண்டி’ எனப்படும் நிர்வாக மாவட்டங்களுக்கு 1991ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டுப் பின்னர் சிக்காகோ நகரம் அமைந்துள்ள குக் கவுண்டிக்கும் விரிக்கப்பட்ட சட்டமொன்று, பொதுவாக இந்த அறவீட்டின் ஆண்டு உயர்வை 5 வீதம் அல்லது பணவீக்க வீதம், இவற்றுள் குறைந்ததற்கு மட்டுப்படுத்துகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் மக்களிடம் நேரடி வாக்கெடுப்புக் கேட்க வேண்டும். ‘உங்கள் வரியைப் பாதியாக்குவேன்’ என்று ஒரு வேட்பாளர் சொல்வாரானால், எந்த ஆசிரியரை நிறுத்துவார், எந்தப் பேருந்துச் சேவையைக் குறைப்பார் என்று அவரிடம் கேட்பதே முறை.

இரண்டாவது ஆட்கள். ‘சுப்பிரின்டென்டன்ட்’ எனப்படும் தலைமை நிர்வாகியைச் சபையே நியமிக்கிறது, சபையே விலக்குகிறது. ஏனைய ஊழியர் அனைவரும் அவருக்குக் கீழே வருவதால், நல்ல சபைகள் இந்த ஒரு நியமனத்திற் காட்டும் கவனத்தை வேறெதிலும் காட்டுவதில்லை. ஆசிரியர் சங்கத்துடன் சம்பள ஒப்பந்தம் பேசுவதும், ஒரு மாணவரைப் பாடசாலையிலிருந்து முற்றாக நீக்குவதா என்று முடிவு செய்வதும் சபையின் பொறுப்பு. பாடநியமங்களை மாநிலம் வகுக்கும். அவற்றுக்குள் நின்று எந்தப் பாடங்களை நடத்துவது, எந்த நூல்களை வாங்குவது என்பதைச் சபை ஏற்கும். தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டம் வகுக்க, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் நாடெங்கும் ஒன்றாகப் போய்ச்சேரும் முறையில் வளர்ந்த நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

இன்னொன்றையும் உங்கள் மருமகனுக்கு எழுதுங்கள். தனி உறுப்பினர் எவருக்கும் எந்த அதிகாரமும் இல்லை. எழுவரும் கூட்டமாகக் கூடி வாக்களிக்கும்போது மட்டுமே அது சபை. ‘நான் வந்தால் அந்த அதிபரை மாற்றுவேன்’ என்பவர் இன்னும் மூவரைத் தம்மோடு சேர்க்காமல் ஒரு கதிரையைக்கூட மாற்ற முடியாது.

கேள்வி: வாக்களிக்கும் முறை எப்படி? நமது விருப்பு வாக்கு போன்றதா?
— வாசகர், தெஹிவளை

பதில்: இல்லை. கட்சிப் பட்டியலும் இல்லை, விருப்பு இலக்கமும் இல்லை. நான்கு இடங்கள் காலியாக இருந்தால் வாக்காளர் நான்கு பேருக்குவரை வாக்களிக்கலாம். அதிக வாக்குப் பெற்ற நால்வர் தெரிவாவர். ஒரே வேட்பாளருக்கு நான்கு வாக்கையும் கொடுக்க முடியாது. ஆனால் ஒருவருக்கு மட்டும் இட்டுவிட்டு மற்ற மூன்றையும் வெறுமையாக விடலாம். தம் வேட்பாளரின் போட்டியாளருக்குத் தாமே வாக்குச் சேர்க்காமல் இருப்பதற்காக அப்படிச் செய்பவர் பலர்.

மூத்த வாசகர்களுக்கு ஒரு செய்தி. 1947 முதல் நமது கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர் தொகுதியாக இருந்ததும், வாக்காளர் தம் மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே இடக்கூடியதாக இருந்ததும் நினைவிருக்கும். ஏறக்குறைய அதே முறையில்தான் இலினோய் மாநிலம் தன் கீழ்ச்சபையைத் தெரிவு செய்துவந்தது. 1870ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் தோன்றிய அந்த ஏற்பாடு 1980இல் மக்கள் வாக்கெடுப்பால் ஒழிக்கப்பட்டது. இதைச் சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

கேள்வி: கட்சிகள் உண்மையாகவே இல்லையா?
— வாசகி, வத்தளை

பதில்: வாக்குச்சீட்டில் இல்லை. வீட்டு முற்றத்தில் நடும் பலகைகளிலும் யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதிலும் உண்டு.

கேள்வி: என் தம்பி நிரந்தர வதிவிட அனுமதி பெற்றவர், சொந்த வீட்டுக்கு வரி கட்டுகிறார், இரண்டு பிள்ளைகளும் அந்தச் சபையின் பாடசாலையிலேயே படிக்கிறார்கள். அவருக்கு வாக்கு இல்லை என்கிறார்கள். இது நியாயமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: இலினோய்ப் புறநகர்ச் சபைத் தேர்தலில் குடியுரிமை உள்ளவர்க்கே வாக்கு. நியாயமா என்று கேட்டால், அமெரிக்கருக்குள்ளேயே ஒரே பதில் இல்லை. சிக்காகோ நகரத்துக்குள் பெரும்பாலான அரச பாடசாலைகளுக்கு அமைக்கப்பட்டுள்ள உள்ளூர்ப் பாடசாலை மன்றங்களின் தெரிவில், குடியுரிமை இல்லாத பெற்றாரும் வாக்களிக்கலாம். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பொன்றின் மூலம் பாடசாலைச் சபைத் தேர்தலில் அத்தகைய பெற்றாருக்கு வாக்குரிமை கொடுத்தது. உங்கள் தம்பி நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் இவை அவருக்குப் பயன்படா.

ஆனால் அவரிடம் இன்னோர் உரிமை இருக்கிறது. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. இலினோயின் திறந்த கூட்டச் சட்டப்படி, நிகழ்ச்சிநிரல் கூட்டத்துக்கு 48 மணித்தியாலம் முன்னதாக வெளியிடப்பட வேண்டும். எவரும் கூட்டத்துக்கு வரலாம். சபை வகுத்த விதிகளுக்கு அமைய எவரும் பேசலாம். அங்கே குடியுரிமை கேட்கப்படுவதில்லை. ஊழியர் விடயம், மாணவர் ஒழுக்கம், சம்பளப் பேச்சுவார்த்தை போன்றவற்றைச் சபை மூடிய கதவுக்குள் பேசலாமாயினும், இறுதி வாக்கெடுப்பு வெளியில் நடந்தே ஆகவேண்டும். பதிவுசெய்த வாக்காளரில் ஐந்தில் ஒருவர்கூட வாக்களிக்க வராத ஏப்ரல் தேர்தல்கள் சாதாரணமாக இருக்கும் இடத்தில், வாக்கில்லாத தந்தை ஒருவர் டிசம்பர் வரிக்கூட்டத்தில் எழுந்து மூன்று நிமிடம் கணக்கோடு பேசினால், அது வாக்கிருந்தும் வீட்டிலிருக்கும் அயலவரைவிட அதிகமாகவே சபையின் காதில் விழும்.

கேள்வி: நமக்கும் இப்படியொரு தேர்தல் வந்தால் என்ன? கொழும்பு வலயக் கல்விப் பணிமனைக்கு மேல் மக்கள் தெரிவு செய்த ஒரு சபை இருந்தால் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் குறைகள் தீராதா?
— பல்கலைக்கழக மாணவி, கொழும்பு 13

பதில்: உங்கள் எண்ணத்தின் வேர் நல்லது. இன்று கொழும்பில் ஒரு பாடசாலை தேசிய பாடசாலையானால் மத்திய அமைச்சின் கீழும், மாகாணப் பாடசாலையானால் மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழும் இருக்கிறது. மாகாண அதிகாரம் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் வந்தது. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். அதன் ஆயுட்காலம் 2019இல் முடிந்தபின் ஆளுநரின் கீழேயே நிர்வாகம் சென்றது. அதாவது, பிள்ளைகளின் பாடசாலை குறித்து மக்கள் வாக்கால் கேள்வி கேட்கக்கூடிய ஒரே இடைநிலைச் சபையும் வெறுமையாகிப் போனது. கொழும்புப் பெற்றாருக்கு வாக்காளர் இடாப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வாக்குச்சாவடியன்று, முதலாம் தர அனுமதிக்கு வதிவிடத்தை நிரூபிக்கும் புள்ளிகளே என்பது நம் நிலையை நன்றாகவே சொல்கிறது.

ஆனாலும் அந்த அமெரிக்க முறையை அப்படியே இறக்கினால் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்கு நன்மை வரும் என்று நாம் நம்பவில்லை. முழு வலயமும் ஒரே தொகுதியாக, ஏழு இடங்களையும் பெரும்பான்மையினரே எடுத்துக்கொள்ளக்கூடிய முறையில் தேர்தல் நடந்தால், சிறுபான்மை வாக்காளர் ஒருவரைக்கூட உள்ளே அனுப்ப முடியாது போகலாம். இது வெறும் அச்சமன்று. நியூயோர்க் மாநிலத்தின் ஈஸ்ட் ரமாபோ என்னும் புறநகர் மாவட்டத்தில், அரச பாடசாலைகளில் படித்த பிள்ளைகளிற் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தினர். வாக்காளரிற் பெரும்பாலோரோ தம் பிள்ளைகளைத் தனியார் சமயப் பாடசாலைகளுக்கு அனுப்பியவர்கள். சபையின் பெரும்பான்மை ஆண்டுக்கணக்காக இரண்டாம் தரப்பின் கையிலேயே இருந்தது. முழு மாவட்டமும் சேர்ந்து எல்லா உறுப்பினரையும் தெரிவு செய்யும் அம்முறை வாக்குரிமைச் சட்டத்தை மீறுகிறது என்று 2020ஆம் ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாவட்டத்தைத் தனித்தனி வட்டாரங்களாகப் பிரிக்கச் செய்தது. கலிபோர்னியாவிலும் 2001ஆம் ஆண்டின் மாநில வாக்குரிமைச் சட்டத்தின் நெருக்குதலால் பல பாடசாலைச் சபைகள் வட்டார முறைக்கு மாறின.

வட்டார முறையும் கொழும்பில் எல்லா இடத்திலும் உதவாது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் செறிந்திருக்கிறார்கள். ஆயினும் வலயத்தின் ஏனைய பகுதிகளிற் சிதறி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் பேருந்தேறி வந்தே தமிழ்மொழிமூலப் பாடசாலைகளிற் படிக்கிறார்கள். வட்டாரக் கோடு அவர்களைச் சேர்க்காது. அத்தகைய சிதறலுக்கு நாம் கைவிட்ட கொழும்பு மத்தி முறையே, அதாவது பல வாக்குகளையும் ஒருவருக்கே குவிக்கும் உரிமையே, பொருத்தமானது. தேர்தல் வேண்டும் என்று கேட்கும்போதே எந்த முறைத் தேர்தல் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பின்னதை விட்டுவிட்டால் முன்னது நமக்கு எதிராகவே திரும்பக்கூடும்.

கேள்வி: என் மூத்த மகளை அயலவர்கள் வேட்பாளராக நிற்கச் சொல்கிறார்கள். சம்பளம் உண்டா? கட்டுப்பணம் எவ்வளவு? வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு முடியுமா?
— தாயார், கல்கிசை

பதில்: அம்மா, இலினோயில் சம்பளமும் இல்லை, கட்டுப்பணமும் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை, 18 வயது, அந்தப் பாடசாலை மாவட்டத்தில் ஓராண்டு வதிவு, வாக்காளர் பதிவு ஆகியவை வேண்டும். தெரிவானால், முதலாவது ஆண்டுக்குள் கல்விச் சட்டம், தொழிற் சட்டம், நிதிக் கண்காணிப்பு ஆகியவற்றில் குறைந்தது நான்கு மணித்தியாலப் பயிற்சி பெறவேண்டும். கூட்டம் மாலையில் நடந்தாலும், அதற்கு முன் வாசிக்க வேண்டிய தாள்கள் பல இரவுகளை எடுக்கும். கணவரும் பிள்ளைகளும் அதற்கு உடன்பட்டிருக்கிறார்களா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலான வேட்பாளர் தடுக்கி விழுவது மனுத்தாக்கலிலேதான். அந்த மாவட்டத்தில் பதிவுசெய்த வாக்காளர் 50 பேரின் கையொப்பம் போதும். மிகச் சிறிய மாவட்டமாயின் அதனிலும் குறையலாம். முந்திய ஆண்டின் இறுதிப் பகுதியில் அதற்கெனக் குறிக்கப்பட்ட நாட்களுக்குள் மனுவைக் கொடுக்க வேண்டும். ஆனால் போட்டியாளரோ வேறெந்த வாக்காளரோ ஆட்சேபனை தெரிவித்தால், அயல் மாவட்டத்தில் வசிப்பவர் இட்ட கையொப்பம், இலக்கமிடாத பக்கம், கட்டப்படாத தாள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எனவே தேவையானதன் இரு மடங்கு கையொப்பங்களைச் சேர்க்கட்டும். கையொப்பம் வாங்கியவர் ஒவ்வொரு தாளின் கீழும் இடும் உறுதிமொழியை நொத்தாரிசு முன்னிலையில் இட்டிருக்கிறாரா என்பதையும், சொத்து நலன் விபரக்கூற்று கவுண்டிக் கிளார்க்கிடம் கொடுக்கப்பட்டு அதற்கான பற்றுச்சீட்டு மனுவுடன் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் மனுவைக் கையளிக்கும் முன் ஒருமுறை சரிபார்க்கட்டும்.