ஸ்லாப்பில் இருக்கும் எண்ணும் காசில் இருக்கும் களையும்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்வதாலோ என்னவோ, ஆண்டின் இந்தப் பகுதியில்தான் பழைய காசுகள் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து எனக்குக் கேள்விகள் குவியும். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய மைலோ டப்பா இறங்கும். உள்ளே தாத்தா காலத்துச் சில்லறை இருக்கும். இந்த முறை வந்தவற்றில் சில.

நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பழைய பிரிட்டிஷ் காலனி) 1903 வெள்ளி, அதாவது டாலர், நாணயங்கள் இரண்டைக் கடையில் பார்த்தேன். ஒன்று எம்எஸ் 62, மற்றது ஏயூ 58. இரண்டும் ஸ்லாப்பில்தான் (தர நிறுவனம் எண் போட்டு மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டி) இருக்கின்றன, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எண் பெரியதாக இருப்பதை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்? (தெம்பனிஸ்)

நான் 58-ஐத்தான் எடுப்பேன். ஆனால் இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான்.

எம்எஸ் என்றால் கைமாறிப் புழங்காத காசு, அவ்வளவுதான். அது அழகான காசு என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. நாணயச் சாலையிலிருந்து பெரிய பைகளில் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டே வந்ததால், 60 முதல் 62 வரை உள்ள பல காசுகளில் மன்னர் எட்வர்டின் கன்னம் முழுக்கத் தழும்பாக இருக்கும். ஏயூ என்றால் கொஞ்சமே புழங்கிய காசு. 58-இல் மீசை, கிரீடம் போன்ற மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ந்திருக்கும். மற்ற பரப்பு பல நேரங்களில் 62-ஐவிடச் சுத்தமாக இருக்கும். ஒரே ஒரு விளக்கின் கீழ் காசை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒளி சக்கரம்போல் உடையாமல் சுற்றி வந்தால் அச்சு மினுக்கம் உயிரோடு இருக்கிறது. கடையில் நாலா பக்கமும் எரியும் விளக்குகளுக்கு நடுவே இதைப் பார்க்க முடியாது. கடைக்காரரிடம் கேட்டு வாசல் பக்கம் எடுத்துச் செல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.

தழும்பு எங்கே விழுந்திருக்கிறது என்பதும் முக்கியம். பின்பக்க வேலைப்பாட்டுக்குள் ஒளிந்த கீறலைக் கண் மன்னித்துவிடும். கன்னத்தின் நடுவே இருப்பதை மன்னிக்காது. இதைத்தான் நான் களை என்கிறேன். பெண் பார்க்கப் போனவர்கள் சொல்வார்களே, நிறமெல்லாம் ஒன்றுமில்லை, முகத்தில் களை இருக்கிறது என்று. அதே களைதான்.

இன்னொன்று. நாம் இன்று ஏதோ அறிவியல் அளவுபோல் நம்பும் இந்த 70 புள்ளி முறை, 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செம்புச் சென்ட்டுகளுக்காக வகுத்தது. ஒரு புள்ளிக் காசின் விலையைப்போல் 70 மடங்கு விலை பெறுவது 70 புள்ளிக் காசு என்பதே அதன் அடிப்படை. அதாவது எண் பிறந்ததே விலைக்காகத்தான். பிற்பாடு சந்தை அந்தக் கணக்கை எங்கோ தாண்டிப் போய்விட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது.

அதே 1903 வெள்ளி, ஸ்லாப் இல்லாமல் இணையத்தில் பாதி விலைக்கு வருகிறதே? (உட்லண்ட்ஸ்)

போலிகள் கொட்டிக் கிடக்கும் காசு அது. எடை 26.95 கிராம், விட்டம் சுமார் 37 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 1907 முதல் வந்தது சிறியது, 20.21 கிராம், வெள்ளி விலை ஏறியதால் அளவைக் குறைத்தார்கள். நகை நிறுக்கும் சிறு தராசு ஒன்று வாங்கி வையுங்கள். காந்தம் ஒட்டினால் பேச்சே இல்லை. ஒட்டாவிட்டால் மட்டும் அசல் என்றும் ஆகிவிடாது. நாம் இங்கே டாலரை இன்றும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயருக்கு முழுத் தகுதியுடன் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியோடு இருந்த காசை, ஈயக் கலவையில் வாங்கி ஏமாறாதீர்கள்.

மாமியார் கொடுத்த விக்டோரியா ரூபாய்கள் கறுத்துக் கிடக்கின்றன. குத்துவிளக்குபோல் புளி போட்டுத் தேய்க்கலாமா, திருநீறு போதுமா? (அங் மோ கியோ)

அக்கா, தயவுசெய்து இரண்டும் வேண்டாம்!

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபது வயதில் என் முதல் 1862 ரூபாயைப் பற்பசை போட்டுத் தேய்த்து, கண்ணாடிபோல் ஆக்கி, பெருமையோடு ஒரு பெரியவரிடம் நீட்டினேன். அவர் பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "குளிப்பாட்டிக் கொன்னுட்டியேப்பா" என்று திருப்பித் தந்துவிட்டார். தேய்த்த காசில் நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். பளபளப்பு இருக்கும், ஆனால் ஒளி சுற்றாது. தர நிறுவனத்துக்கு அனுப்பினால் எண் தராமல் "டீடெய்ல்ஸ்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கருப்பு, காற்றில் உள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டான படலம். சீராகப் படிந்து நீலமும் பொன்னிறமுமாகத் தெரிந்தால் அதற்கென்றே கூடுதல் பணம் தருபவர்கள் உண்டு. நான் தருவேன், கொஞ்சம்தான். வானவில் நிறத்தைச் சூடுபடுத்தியும் ரசாயனம் பூசியும் வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். நிறம் கீறலுக்குள்ளும் இறங்கியிருந்தால், முதலில் தேய்த்து, பிறகு நிறம் ஏறிய காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் காசுமாலையில் இருந்து கழன்ற 1911 ரூபாய் இருக்கிறது. 'பன்றி ரூபாய்' என்று நிறைய விலை சொல்கிறார்களே? (ஈசூன்)

ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் பொறித்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். அச்சடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். ஆகவே தேய்ந்த காசுக்கும் ஆள் இருக்கிறது. ஆனால் மாலையில் கோத்த காசுக்கு விளிம்பில் பற்றவைத்த அடையாளம் இருக்கும். அது இருந்தால் நல்ல காசின் விலையில் சிறு பங்குதான் கிடைக்கும். விற்காதீர்கள் என்பேன். பாட்டி கழுத்தில் கிடந்ததற்கு எந்தப் பட்டியலிலும் விலை போடவில்லை.

ராமர், சீதை படம் போட்ட 1818 கிழக்கிந்திய கம்பெனி காசு. வாட்ஸ்அப்பில் பல லட்சம் என்கிறார்கள். (பெயர் வேண்டாம் என்றவர்)

கம்பெனி அப்படி ஒரு காசை அச்சடிக்கவே இல்லை. பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் உறையில் வைத்த காசுகளில் பச்சையாகப் பிசுபிசுவென்று ஏதோ பிடித்திருக்கிறது. (ஜூரோங் வெஸ்ட்)

அது மென்மையான பிவிசி உறையின் வேலை. நம் ஊர் ஈரப்பதமும் வெக்கையும் சேர்ந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். கலப்பில்லாத அசிட்டோனில் ஊறவையுங்கள், தேய்க்க வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். நகச்சாயம் எடுக்கும் திரவம் உதவாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பிறகு பிவிசி கலக்காத மைலார் உறைக்கு மாற்றுங்கள். புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரி ஒன்று சின்னதாக வாங்கினால் போதும். அடுத்த எம்எஸ் காசுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதை வாங்குங்கள். செம்புக் காசு வைத்திருந்தால் இது கட்டாயம். அதன் சிவப்பு ஒருமுறை போனால் போனதுதான்.

நியாயமான விலையை எப்படித் தெரிந்துகொள்வது? (செங்காங்)

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் முடிந்த விலையைப் பாருங்கள். ஒன்றல்ல, அதே ஆண்டு, அதே தரத்தில் நாலைந்து. படங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே எண்ணுள்ள காசுகளில் எது ஏன் அதிகம் போனது என்பது தானாகவே புரிய ஆரம்பிக்கும். ஏலக்கூடத்தின் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். சாதாரணக் காசைத் தரம் பார்க்க அனுப்புவதும் வீண். கட்டணமும் தபாலும் காசின் விலையைத் தாண்டிவிடும்.

பத்து வயது மகளுக்கு எதிலிருந்து தொடங்கலாம்? (பொங்கோல்)

1967-இல் வந்த சிங்கப்பூரின் முதல் வரிசையிலிருந்து. கடல்குதிரை போட்ட பத்துக் காசு, வாள்மீன் இருபது, சிங்கமீன் ஐம்பது. ஒரு காசு நாணயத்தில் அடுக்குமாடி வீடும் நீரூற்றும் இருக்கும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கைக் காசில் பார்ப்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான். ஒரே வகையில் பத்துப் பன்னிரண்டு கிடைத்தால் மேசையில் பரப்பி, எது பிடித்திருக்கிறது என்று அவளையே கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள். கிரேடு பற்றியெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.