ஷபாத் அன்னிக்கு விளையாட்டு சாமான எடுத்து வைக்கலாமா? கொஞ்சம் கேள்வி, கொஞ்சம் பதில்

ஷபாத் (வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி ராத்திரி வரைக்கும் யூதங்களோட ஓய்வு நாள்) சமையல் பத்தி முன்னாடி எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்வில பாதிக்கு மேல குழந்தைங்க விளையாட்டு பத்திதான். எழுதறவங்க முக்கால்வாசி இஸ்ரேல்லயும் லண்டன்லயும் யூத வீடுங்கள்ல கேர்கிவர், நானி வேலை பாக்குற நம்மாளுங்க. நான் ரப்பி, அதாவது யூத மத குரு, கிடையாது. எருசலேம்ல ஒரு தாத்தாவ ஒன்பது வருஷம் பாத்துக்கிட்டேன், வாழ்நாள் பூரா தல்மூத் (யூத சட்ட விவாதங்களோட பெரிய தொகுப்பு) சொல்லிக்குடுத்தவர், சூப் ஆறுற வரைக்கும் நான் என்ன கேட்டாலும் பதில் சொல்வார், அப்படி ஆரம்பிச்ச படிப்புதான். அதனால முடிவா என்ன செய்யணும்னு அந்தந்த வீட்டுக்காரங்க அவங்க ரப்பிகிட்டதான் கேக்கணும்.

நான் பொம்மைய கலர் கலரா பிரிச்சு டப்பால போட்டேன், அந்த அம்மா பதறிப்போய் "விடு விடு"ன்னாங்க. இதுல என்ன தப்பு? வெயிட்டு தூக்குற வேலையா இது?

வெயிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. சோபாவ வீட்டுக்குள்ள இந்த மூலைல இருந்து அந்த மூலைக்கு நகத்தலாம், ஆனா ஒரு கைப்பிடி அரிசில கல்லு பொறுக்கக்கூடாது. தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா, அதுல ஷபாத்துக்கு ஆகாத வேலைன்னு 39 வகை சொல்லியிருக்கு, அதுல தூத்துறது, பொறுக்குறது, சலிக்கிறதுன்னு மூணும் வரும். நம்ம ஊர்ல முறத்தையும் சல்லடையையும் பாத்து வளந்தவங்களுக்கு இத விளக்கவே வேண்டாம், மூணும் வேற வேற வேலை ஆனா வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்கிறதுதான் மூணுலயும். நடுவுல இருக்குற பொறுக்குறதுக்கு ஹீப்ருல போரேர்னு பேரு. இது சாப்பாட்டுக்கு மட்டும் இல்ல, துணி, ஸ்பூன், புத்தகம், பொம்மை எல்லாத்துக்கும் உண்டுன்னு பின்னாடி வந்தவங்க எழுதி வச்சிருக்காங்க.

அப்ப எதையுமே பொறுக்கக்கூடாதான்னா, அப்படி இல்ல. மூணு விஷயம் ஒண்ணா இருந்தா பொறுக்கலாம். ஒண்ணு, வேண்டியதத்தான் எடுக்கணும், வேண்டாதத எடுத்துப் போடக்கூடாது. ரெண்டு, கையால எடுக்கணும், சல்லடை மாதிரி சாமான் வச்சு கூடாது. மூணு, எடுத்தத உடனே உபயோகிக்கணும். சாயங்காலத்துக்கு ஆகும்னு காலைலயே பொறுக்கி வச்சா அது சேமிச்சு வைக்கிற மாதிரிதான்னு தல்மூத் சொல்லுது. ரெண்டுமே நல்ல பொருளா இருந்தா, வேர்க்கடலையும் திராட்சையும் கலந்து கிடக்குதுன்னு வைங்க, இப்ப எது வேணுமோ அதுதான் "வேண்டியது". மீன்ல முள்ளு எடுக்குறதும் இதே சிக்கல்தான். கெஃபில்டே ஃபிஷ்னு முள்ளே இல்லாம அரைச்சு உருட்டி வெள்ளிக்கிழமையே பண்ணி வைக்கிறதுக்கு இதையும் ஒரு காரணமா சொல்வாங்க.

நீங்க பண்ணது என்னன்னா, விளையாட்டு முடிஞ்சு, அடுத்த வாட்டிக்கு ஆகும்னு, கலர் கலரா பிரிச்சது. "உடனே"ங்கறது அங்கயே போயிடுச்சு.

எங்க வீட்டுல ரம்மிகப் (நம்பர் கட்டை வச்சு ஆடுற ரம்மி) பைத்தியம். ஆடும்போது கட்டைய நம்பர் வரிசைல அடுக்குறாங்க, அது மட்டும் பரவால்லயா?

பரவால்ல. ரம்மிகப்ல 104 நம்பர் கட்டை, 2 ஜோக்கர், மொத்தம் 106, அதுல 14 எடுத்து உங்க ஸ்டாண்டுல வச்சு நீலம் ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம்னு மாத்துறது அந்த ஆட்டத்துக்கே தேவை, இப்பவே ஆடப்போறீங்க. கைல இருக்குற சீட்ட விசிறி மாதிரி அடுக்குறதும் இதே கணக்குதான்.

ஆட்டம் முடிஞ்சப்புறம்தான் கவனம். எங்க தாத்தா வீட்டுல பேரன் ஒருத்தன், அப்ப எட்டு வயசு இருக்கும், ரொம்ப சுத்தக்காரன், கட்டை எல்லாத்தையும் 1, 2, 3னு வரிசையா டப்பால அடுக்க ஆரம்பிச்சான். தாத்தா ஒண்ணும் பேசல, டப்பாவ மேஜை விளிம்புக்கு கீழ பிடிச்சு இன்னொரு கைய குறுக்க வச்சு ஒரே தள்ளு, 106 கட்டையும் கடகடன்னு உள்ள. "ஷபாத் அன்னிக்கு இப்படித்தான்"னு கண்ணடிச்சார். கலந்து கிடக்குறத கலந்தபடியே அள்ளிப் போட்டா பொறுக்குறதே கிடையாதே!

டாக்கி சீட்டுக்கட்டும் சாதா சீட்டுக்கட்டும் கீழ விழுந்து கலந்துடுச்சு, குழந்தைங்க டாக்கி ஆடணும்னு அழுவுதுங்க.

டாக்கி தெரியாதவங்களுக்கு, யூனோ மாதிரி இஸ்ரேல் சீட்டாட்டம், 1983ல வந்தது. உக்காந்து ஆடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி டாக்கி சீட்ட மட்டும் கையால பொறுக்கி எடுத்து உடனே ஆடலாம். ஆனா இங்க நம்ம மனசு ஒரு வேலை பண்ணும், கட்டு பூரா டாக்கி, நடுவுல நாலே நாலு ராணி சீட்டு மாட்டிக்கிட்டு இருக்கு, அந்த நாலையும் உருவிப் போட்டா வேலை முடிஞ்சுதேன்னு தோணும். அதுதான் கூடாது, வேண்டாதத எடுக்குற கணக்குல வந்துடும். சுலபமான வழிதான் தடை, நூறு சீட்ட ஒவ்வொண்ணா எடுக்குறது சரி. எனக்கு முதல்ல இது கிறுக்குத்தனமா பட்டுச்சு, பழகினப்புறம்தான் இங்க வேலை கம்மியா ஜாஸ்தியான்னு யாரும் பாக்கலன்னு புரிஞ்சுது.

கீழ சிதறி ஒவ்வொண்ணும் தனித்தனியா கிடந்தா அது கலவையே இல்ல, எடுத்து வைக்கலாம். குவியலா கிடந்தாதான் பிரச்சனை. குவியல்ல கைக்கு எது வருதோ அத எடுத்து அதோட டப்பால போட்டா பொறுக்குறதா இல்லையான்னு பெரியவங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்கு, கண்டிப்பான வீடுங்கள்ல அதையும் பண்ண மாட்டாங்க.

ஊர்ல இருந்து கேரம் போர்டு கொண்டுவந்தேன், செம ஹிட்டு. ஆனா காய் அடுக்கும்போது கருப்பு வெள்ளை மாத்தி மாத்தி வைக்கணுமே?

அடுக்குறதே ஆடத்தானே! சிவப்ப எடுத்து நடுவுல வைங்க, அப்புறம் எந்த இடத்துக்கு எது வேணுமோ அத எடுத்து அங்க வைங்க, ஸ்டிரைக்கர கைல எடுங்க. முடிஞ்சப்புறம் கருப்பு 9 ஒரு பை, வெள்ளை 9 ஒரு பைன்னு மட்டும் போடாதீங்க, எல்லாம் ஒரே பைல.

ஜிக்சா?

தேவைப்படுற துண்ட தேடி எடுத்து அப்பவே பொருத்துறது பொறுக்குற சட்டப்படி ஓகே. முதல்ல ஓரத்துண்டெல்லாம் தனியா, வானம் தனியான்னு குவிச்சு வைக்கிறதுதான் இடிக்கும். வேற காரணத்துக்காக ஷபாத்ல ஜிக்சாவே தொடாத வீடும் இருக்கு, கேட்டுக்கோங்க.

ஸ்கிராபிள் ஆடுறாங்க, ஷபாத்ல எழுதக்கூடாதுங்கறதால ஸ்கோர் எழுத முடியாதே, எப்படி ஞாபகம் வச்சுக்குறாங்க?

இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். ஆளுக்கு ஒரு தடி புத்தகம், ஸ்கோர் 46னா 46ம் பக்கத்துல ஒரு அட்டைய செருகி வைப்பாங்க, அடுத்த வாட்டி அட்டைய நகத்துவாங்க, அவ்வளவுதான். ஸ்கிராபிள் பொறுத்தவரை, எழுத்த பக்கத்துல பக்கத்துல வைக்கிறதே எழுதற மாதிரிதான்னு தவிர்க்கிறவங்க இருக்காங்க, அதுலயும் கட்டை அசையாம உக்காருற மாதிரி குழி வச்ச போர்டுன்னா இன்னும் யோசிப்பாங்க.

ஒரு வீட்டுல பந்து ஆட விடுறாங்க, இன்னொரு வீட்டுல தொடவே விடல. ரெண்டு பேரும் ஆர்த்தடாக்ஸ் (சட்டத்த கண்டிப்பா கடைப்பிடிக்கிற) யூதங்கதான்.

ரெண்டு பேரும் ஒரே புத்தகத்த பாத்துதான் நடக்குறாங்க. ஷூல்ஹான் ஆருக்ங்கற யூத சட்டப் புத்தகத்த எழுதின யோசேஃப் காரோ ஷபாத்ல பந்து வேண்டாம்னார், அதுக்கு பக்கத்துலயே குறிப்பு எழுதின போலந்து கிராக்கோ ரப்பி மோஷே இஸர்லஸ் ஆடலாம், வழக்கம் அப்படித்தான்னார். பொதுவா செஃபார்டி (ஸ்பெயின், மத்திய கிழக்கு வழி வந்த யூதங்க) வீடுங்க காரோ பக்கம், அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பா வழி வந்தவங்க) வீடுங்க இஸர்லஸ் பக்கம். வேலைக்கு சேந்த முதல் வாரமே இத கேட்டுடுங்க.

ஹால் பூரா பொம்மை, மத்தியானம் விருந்தாளி வராங்க. எடுத்தே வைக்கக்கூடாதுன்னா எப்படி?

எடுத்து வைக்கலாமே. இன்னைக்கு ஷபாத்துலயே வீடு நல்லா இருக்கணும், யாரும் கால் தடுக்கி விழக்கூடாதுன்னா தாராளமா எல்லாத்தையும் ஒரு பெரிய கூடைல அள்ளிப் போடலாம். பொழுது சாயுற நேரத்துல, ஞாயித்துக்கிழமை காலைல வேலை மிச்சம்னு ஒழுங்கு பண்றதுதான் கூடாது, ஏன்னா ஷபாத்ல வாரநாளுக்கு தயார் பண்ண கூடாதுன்னு அது தனியா இன்னொரு விதி. படிச்ச புத்தகத்த படிச்ச உடனே ஷெல்ஃப்ல வச்சுட்டா குவியலே சேராது, எங்க வீட்டுல அதான் வழக்கம்.

நான் கிறிஸ்டியன், எனக்கு இந்த சட்டமே இல்லையே. நான் பிரிச்சு வச்சா என்ன?

உங்களுக்கு தடை இல்ல. ஆனா அவங்க உங்ககிட்ட "இத பிரிச்சு வை"ன்னு சொல்லக்கூடாது, வெள்ளிக்கிழமையே கூப்பிட்டு "நாளைக்கு பிரிச்சு வச்சுடு"ன்னாலும் ஆகாது. அவசர உடம்பு விஷயம் வேற, அங்க சட்டமே வழிவிடும். நீங்களா உங்க வேலை சுலபத்துக்கு உங்க இஷ்டப்படி செஞ்சா அது உங்க வேலை. ஆனா அந்த அம்மா பதறினாங்கன்னா விட்டுடுங்க, அவங்க கண்ணு முன்னாடி அவங்களுக்காக செய்யுற மாதிரி தெரியும். நான் என்ன பண்ணுவேன்னா, எல்லாத்தையும் கூடைல போட்டு மூலைல வச்சுடுவேன், வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சு, ஷபாத்த முடிச்சு வைக்கிற ஹவ்தலா சடங்கோட மெழுகுவத்திய வைன்ல அணைச்சு முடிச்ச உடனே அந்த எட்டு வயசு பையன் ஓடிவந்து கூடைய கவுத்துப் போட்டு 1, 2, 3னு ஆரம்பிப்பான், நானும் பக்கத்துல உக்காந்துடுவேன்.