கடற்காற்றும் கதவுப் பூட்டும்: கேள்வி பதில்

கேள்விகளில் பெரும்பாலானவை கரையோரத்திலிருந்து வந்திருக்கின்றன. பூட்டு, பிணைச்சல், கைப்பிடி, திருகாணி பற்றியவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கமெராவும் கேற் மோட்டாரும் என் துறை அல்ல.

கல்லடி: கடலுக்கு அருகில் வீடு. '304 ஸ்டெயின்லஸ் ஸ்டீல்' என்று சொல்லி விற்ற முன்கதவுக் கைப்பிடியில் ஒரு வருடத்துக்குள் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அப்படிச் சொல்ல முடியாது. அசல் 304 கூடக் கல்லடியில் பழுப்படிக்கும். அதில் ஏறக்குறைய 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கின்றன. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு சில நனோமீற்றர் தடிப்பில் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கறள் பிடிக்காமல் காப்பது அந்தப் படலம்தான். கடலுப்பிலுள்ள குளோரைட்டு அதை அங்கங்கே துளைக்கிறது. 316 வகையில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருப்பதால் அந்தத் துளைப்பை நன்றாகத் தாங்கும்; அதுவும் அடியோடு தப்பாது.

உங்கள் கைப்பிடி போர்ட்டிகோவுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெளிக் கேற்றிலுள்ள அதே ஸ்டீலைப் போய்ப் பாருங்கள், இதைவிடச் சுத்தமாக இருக்கும். மாரி மழை அதைக் கழுவிவிடுகிறது. கூரைக்குள் இருப்பதில் உப்பு படிந்து படிந்து சேர்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே நீராகும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். ஆகவே கைக்குக் காய்ந்ததாகத் தெரிகிற கைப்பிடியும் எங்கள் ஊரில் அநேகமாக ஈரமாகத்தான் இருக்கிறது.

மருந்து நல்ல தண்ணீர். ஈரத் துணியால் வாரம் ஒருமுறை துடையுங்கள், காய்ந்த துணியால் ஒற்றுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் எடுங்கள். இரும்பு நார் போட்டுத் தேய்க்கவே கூடாது. அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு தாமே கறளாகும். அடுத்த முறை வாங்கும்போது கோடு கோடாக உரசிய மினுக்கத்தை விட்டு, கண்ணாடிபோல் மினுக்கியதை எடுங்கள். கோடுகளுக்குள் உப்பு தங்கிவிடும்.

காத்தான்குடி: காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல்தானே?

இல்லை. நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிச் செய்த 201, 202 வகைகளிலும் காந்தம் ஒட்டாது. கடற்கரையில் முதலில் கறள் பிடிப்பது அவைதான்.

காத்தான்குடி, ஹார்ட்வெயார் கடை: நாங்கள் வாப்பா காலத்திலிருந்து காந்தம் வைத்துத்தான் சரக்கு எடுக்கிறோம். கடைக்கு வந்து பார்க்காமல் பிழை என்று எழுதுவது சரியில்லை.

நானா, உங்கள் வாப்பா காலத்தில் சந்தையில் இந்த மங்கனீசு ஸ்டீல் இவ்வளவு இல்லை. 430 போன்ற காந்தம் பிடிக்கும் மலிவு வகையைக் கழிக்க அன்று அது உதவியது, இன்றும் அதற்கு உதவும். 201ஐ 304இலிருந்து பிரிக்க உதவாது. 304ஐ 316இலிருந்து பிரிக்கவும் உதவாது.

ஆரையம்பதி, வெல்டிங் பட்டறை: நானா சொல்வதிலும் உண்மை இல்லை, நீங்கள் சொல்வதும் முழுதாக இல்லை. 304 கம்பியை வளைத்தால் வளைந்த இடத்தில் காந்தம் பிடிக்கிறதே?

பிடிக்கும், தம்பி. குளிர் நிலையில் வளைக்கும்போது உள்ளமைப்பு மாறி அந்த இடம் காந்தத் தன்மை பெறுகிறது. இதைவிட வேடிக்கை, 316க்கு இணையான வார்ப்பில் வேண்டுமென்றே சிறிது பெரைட்டு, அதாவது காந்தம் பிடிக்கும் உள்ளமைப்பு, விட்டிருப்பார்கள். அதனால் அச்சில் வார்த்த உயர்தரக் கைப்பிடியில் காந்தம் இலேசாக இழுபடும். அதைப் போலி என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, காந்தம் ஒட்டாத 201ஐ வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்லதைத் தள்ளிக் கெட்டதை எடுக்க வைக்கிற சோதனையை என்னவென்று சொல்வது?

ஹார்ட்வெயார் கடை: அப்படியானால் எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? வாடிக்கையாளர் விலையைத்தான் கேட்கிறார், மொலிப்டினம் கேட்பதில்லை.

நியாயமான பேச்சு. மொலிப்டினம் சோதிக்கும் திரவம் விற்கிறார்கள். ஒரு துளி விட்டு 9 வோல்ட் பற்றரியைத் தொடுத்தால் நிறம் மாறுவதைக் கொண்டு 316 என்று அறியலாம். ஒரு போத்தல் வாங்கி மேசையில் வையுங்கள், வாடிக்கையாளர் முன்னாலேயே செய்து காட்டுங்கள், விலை கேட்கிறவரும் நின்று பார்ப்பார். இனிப் பில்லில் 'எஸ்.எஸ்.' என்று மட்டும் எழுதாமல் 304, 316 என்று எண்ணையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் 316 தேவை என்று நான் சொல்லவில்லை. உள்ளறைக் கதவுக்கு 304 தாராளம்.

காந்தம் பற்றி இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். இத்தோடு முடித்துக்கொள்வோம்.

மருதமுனை: பித்தளை ஆமைப்பூட்டு இறுகிவிட்டது. பித்தளை கறள் பிடிக்காது என்றார்களே?

உடல்தான் பித்தளை. வளையம் குரோம் பூசிய உருக்கு. உள்ளே இருக்கும் சுருள்வில் எதனால் ஆனது என்று யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. வளையம் நுழையும் துளை வழியே உப்புநீர் இறங்கி உள்ளே தேங்குகிறது. திறப்புத் துவாரம் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள், அடியிலுள்ள சிறு வடிகால் துளையை அடைக்காதீர்கள். இப்போதைக்கு நீரை விரட்டும் ஸ்பிரே அடித்து, ஊறவிட்டு, திறப்பை முன்னும் பின்னுமாக அசையுங்கள். முறுக்கினால் திறப்பு உள்ளேயே முறியும். திறந்த பிறகு, காய்ந்ததும் படலமாக நிற்கும் டெப்லான் ஸ்பிரே அடியுங்கள். கரையோரத்தில் கிராபைற்றுத் தூளை நான் சிபாரிசு செய்வதில்லை. ஈர உப்பு இருக்கும் இடத்தில் அது பக்கத்து உலோகத்தை அரிக்கத் தூண்டும். மாற்றுவதாக இருந்தால் வளையமும் ஸ்டெயின்லஸ் ஸ்டீலாக உள்ள கடற்பாவனைப் பூட்டைக் கேளுங்கள்.

கல்முனை: பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். நாளடைவில் பிசினாகி, கச்சான் காற்றில் வரும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாய்ந்தமருது: புது வீடு, இன்னும் குடிபுகவில்லை. எல்லாப் பூட்டிலும் கைப்பிடியிலும் ஒரே நேரத்தில் கறள். கடல் காரணமா?

டைல்ஸ் பதித்த மேசன் கடைசியில் அசிட் ஊற்றிக் கழுவினாரா? யன்னல்களைச் சாத்திவிட்டுப் போனாரா? ஒரே நேரத்தில் எல்லாமே கெட்டதென்றால் பெரும்பாலும் அதுதான். அது ஐதரோகுளோரிக் அமிலம். அதன் ஆவி பட்டாலே ஸ்டெயின்லஸ் ஸ்டீல் பழுக்கும், குரோம் பூச்சு புள்ளி விழும். கடல் பல வருடம் செய்வதை அந்த ஆவி ஓரிரவில் செய்துவிடும். எல்லோருக்குமாகச் சொல்கிறேன்: அசிட் வேலை முழுதாக முடிந்து, தரையைக் கழுவி, வீட்டைக் காற்றாட விட்ட பிறகு ஓடாவியைக் கூப்பிட்டுப் பூட்டுப் போடுங்கள்.

பாசிக்குடா, விடுதி: விற்பனையாளர் '480 மணித்தியால உப்புத் தெளிப்புச் சோதனையில் தேறியது' என்கிறார். எத்தனை வருடம் உழைக்கும்?

வருடக் கணக்காக மாற்ற முடியாது. 35 பாகை செல்சியஸில் 5 வீத உப்புக் கரைசலை இடைவிடாமல் தெளிக்கும் சோதனை அது. காய்ந்து காய்ந்து ஈரமாவது, வெயில், மணல் உரசல் எதுவும் அதில் இல்லை. ஒரு பூட்டை இன்னொரு பூட்டோடு ஒப்பிட மட்டும் பயன்படும். ஐரோப்பிய நியமம் இ.என். 1670 படி 96 மணி மூன்றாம் தரம், 240 மணி நான்காம் தரம், 480 மணி ஐந்தாம் தரம். கடலைப் பார்த்த அறைகளுக்கு ஐந்தாம் தரம் கேட்பது சரிதான். சோதனைச் சான்றிதழையும் கேளுங்கள். திருகாணிகளும் அதே தரமா என்று கேட்க மறக்காதீர்கள். பெட்டிக்குள் சாதாரண இரும்புத் திருகாணி போட்டு அனுப்புவது வழமை.

வாழைச்சேனை: அலுமினியக் கதவில் ஸ்டீல் பூட்டு. சுற்றிவர வெள்ளைத் தூள்.

இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும். இடையில் நைலோன் வாசர் போடுங்கள்.

ஏறாவூர்: புளி போட்டு மினுக்கிய பித்தளைக் கைப்பிடி செம்பு நிறமாகிவிட்டது.

புளியின் அமிலம் பித்தளையிலுள்ள நாகத்தை (சிங்க்) கரைத்துச் செம்பை விட்டிருக்கிறது. விளக்குக்குப் புளி போடுங்கள், பூட்டுக்கு வேண்டாம். மேலே வார்னிஷ் பூச்சு இருந்தால் அதுவும் போய்விடும்.

அம்பாறை நகர்: எங்களுக்கும் 316 தேவையா?

தேவையில்லை. கடலிலிருந்து அவ்வளவு உள்ளே 304 போதும். பணத்தைப் பூட்டின் நல்ல உருளைக்கு, அதாவது திறப்பு நுழையும் பகுதிக்கு, செலவிடுங்கள்.

பொத்துவில்: தேங்காய் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய்?

கல்முனைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். எந்தச் சமையல் எண்ணெயும் வேண்டாம்.

நாவலடி: விரல்ரேகைப் பூட்டு, 'ஐ.பி. 65' என்று போட்டிருக்கிறது. வெளிக்கதவுக்குப் போடலாமா?

அந்த எண் தூசும் தண்ணீரும் உள்ளே போகாதென்று மட்டும் சொல்கிறது. உலோகம் அரிக்காதென்று சொல்லவில்லை. வெளித்தகடு பெரும்பாலும் நாகக் கலப்புலோக வார்ப்பு, மேலே பூச்சு. பூச்சு கொப்புளித்தால் திருத்த வழியில்லை. போடுவதானால் இயந்திரத் திறப்பும் உள்ளதாகப் பாருங்கள், அந்தத் திறப்பை வீட்டுக்கு வெளியே எங்காவது வையுங்கள். பற்றரி முனைகளை மாரிக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பச்சை படிந்திருந்தால் துடைத்துவிட்டுப் போடலாம்.