துருவா 504 சுவடி: கேள்வி பதில்

கே: இது என்ன நூல்?

ப: புனித கிரகோரியார் 590-இல் திருத்தந்தையானதும் எழுதிய ‘ரெகுலா பாஸ்தொராலிஸ்’. ஆயர்களுக்கும் குருக்களுக்குமான கையேடு. இந்தத் தோல் சுவடி அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, 600-ஐ ஒட்டி, ரோமில் படியெடுக்கப்பட்டது. இப்போது பிரான்ஸின் துருவா நகர நூலகத்தில் 504-ஆம் எண்ணில் இருக்கிறது. நூலில் நான்கு பாகங்கள்: யார் இந்தப் பொறுப்புக்கு வரலாம், வந்தவர் எப்படி வாழ்வது, எப்படிப் போதிப்பது, நன்றாகப் போதித்துவிட்டோம் என்ற தலைக்கனத்திலிருந்து எப்படித் தப்புவது. மூன்றாவதுதான் மிக நீளம். ஏழைக்கு ஒரு பேச்சு, பணக்காரருக்கு வேறு. கூச்சப்படுபவரையும் துடுக்கரையும் ஒரே மாதிரி கண்டிக்கக்கூடாது என்று 30-க்கும் மேற்பட்ட வகை பிரிக்கிறார். ஆள் பார்த்துப் பேசத் தெரிந்தவர்.

கே: வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொடவேண்டுமா?

ப: வேண்டாம். கழுவித் துடைத்த வெறுங்கை போதும். கையுறையில் விரலுக்கு உணர்ச்சி மழுங்கும், ஏடு கிழியும்.

கே: எங்கள் வீட்டு ஓலைச்சுவடிக்குப் பூசுவதுபோல் இதற்கும் எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசலாமா ஐயா?

ப: கூடவே கூடாது. இது விலங்கின் தோல். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டிக் காயவைத்தது. எண்ணெய் பட்டால் கறை.

கே: இந்தச் சுவடியில் அத்தியாயம் தொடங்கும் முதலெழுத்துகளை அலங்கரித்திருக்கிறார்களே, துறவியான கிரகோரியார் அதை எப்படிச் சகித்தார்?

ப: அவர் படங்களுக்கு எதிரி அல்ல. மார்செய் ஆயர் செரேனுஸ் கோயில் படங்களை உடைத்தபோது, எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் சுவரைப் பார்த்துப் படிக்கிறார்கள் என்று கடிந்து எழுதினார்.

கே: குருக்களுக்குப் படிக்கத் தெரியுமே! அந்த வாதம் இங்கே செல்லாது.

ப: சரியான குறுக்குக் கேள்வி. சுவரோவியத்துக்குச் சொன்னதை ஏட்டுக்கு நீட்டமுடியாதுதான். ஆனால் இங்கே கதை சொல்லும் படங்களைத் தேடாதீர்கள்; பேச்சு முதலெழுத்துகளைப் பற்றியது. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் எழுதிய காலம் அது. நாளை ஒரு கோபக்காரரிடம் பேசப்போகும் ஆயர், அந்த அத்தியாயத்தை எப்படிப் பிடிப்பார்? பெரிதாக, வண்ணமிட்டு நிற்கும் எழுத்துதான் வழிகாட்டும்.

கே: அழகுக்காக இல்லை என்கிறீர்களா?

ப: அப்படிச் சொல்லவில்லை. வழிகாட்ட வெறும் சிவப்பு மை போதும். அதற்குமேல் போட்டதெல்லாம் எழுதியவரின் ஆசை. லத்தீன் சுவடிகளில் முதலெழுத்தை அலங்கரிக்கும் பழக்கத்துக்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

கே: கையுறை அவசியமா?

ப: மேலே பாருங்கள்.

கே: பிற்காலச் சுவடிகளில் தங்கம் எப்படி ஒட்டினார்கள்?

ப: சுண்ணப் பசையை மேடாகப் பூசி, தங்கத்தகடு வைத்து, நாய்ப்பல்லாலோ வழுவழுப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்றினார்கள். அந்த மினுக்கத்துக்காகத்தான் ஏடுகளைப் பிய்த்து விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

கே: இங்கிலாந்தின் ஆல்பிரட் மன்னர் மொழிபெயர்த்தது கிரகோரியாரின் இந்த நூலையா?

ப: ஆம், 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பழைய ஆங்கிலத்தில். வூஸ்டர் ஆயருக்கு அனுப்பிய பிரதி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

கே: ஒற்றை ஏடு ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது, சட்டம் போட்டு மாட்டலாமா?

ப: வாங்காதீர்கள் என்று இப்போதுதானே சொன்னேன்?