அளவு ரவிக்கை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்கம் இல்லாமலே இருந்துகொள்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு 47 வயது, பள்ளி ஆசிரியை. போன வருடம் புற்றுநோயால் வலது மார்பை முழுவதுமாக எடுத்தார்கள், அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து. கீமோ, கரண்ட் என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது மாத்திரை மட்டும். வயிற்றுச் சதையை எடுத்து மார்பு வைத்துத் தரலாம் என்று டாக்டர் சொன்னார். வேண்டாம் என்றேன். இன்னொரு தடவை அந்த மேஜையில் படுக்க எனக்கு மனசில்லை.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். "சம்பந்தி வீட்டார் முன்னாடி இப்படியா நிப்பே? போட்டோ, வீடியோன்னு இருக்கு. ஆபரேஷன் வேண்டாம்னா ரவிக்கைக்குள்ள வைக்கிற சிலிக்கான் மார்பாவது வாங்கி வச்சுக்கோ" என்று நாத்தனாரும் அம்மாவும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். ஒரு தோழி "நீ எங்க கண்ணகி" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் கணவர் எதுவும் சொல்வதில்லை. நான் பிடிவாதம் பிடிக்கிறேனா அக்கா? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பட்டுப்புடவைக்கு ரவிக்கை எப்படித் தைப்பது? எனக்குப் பல வருடமாக ஒரே டெய்லர். அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் நைட்டி, பள்ளிக்குப் பழைய ரவிக்கைக்குள் மடித்த கைக்குட்டை என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் வேண்டாம்.
தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. உங்கள் நோய்க்கான வைத்தியம் ஆபரேஷன், கீமோ, கரண்ட், மாத்திரை. அதை நீங்கள் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். மார்பைத் திரும்ப அமைப்பது அந்த வைத்தியத்தில் சேராது. அமைத்துக்கொண்டால் ஆயுள் கூடுவதும் இல்லை, அமைக்காவிட்டால் குறைவதும் இல்லை. விரும்பிச் செய்துகொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது சரி. ஆனால் வயிற்றுச் சதையை எடுத்து வைப்பது பல மணி நேர ஆபரேஷன். வயிற்றிலும் ஒரு தழும்பு வரும். பழைய தொடு உணர்ச்சி அநேகமாக முழுசாகத் திரும்பாது. கரண்ட் வைத்த இடத்தில் சிலிக்கான் பை பொருத்தினால் சிக்கல்கள் கூடுதல் என்பதை டாக்டர்களே சொல்வார்கள். இத்தனையும் தெரிந்து வேண்டாம் என்கிறவளிடம் மறுபடி மறுபடி கேட்பது நியாயமில்லை. நாளைக்கே மனம் மாறினாலும், வருடங்கள் கழித்தும் செய்துகொள்ள முடியும். வீட்டில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள், பாதிப் பேச்சு நின்றுவிடும்.

மீதிப் பாதி உங்கள் உடம்பைப் பற்றிய கவலையே இல்லை. பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்கிற கவலை. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கு 1978ல் ஒரு மார்பை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து, எதையும் வைத்துக்கொள்ளாமல் டாக்டரைப் பார்க்கப் போனபோது, இங்கே வரும்போதாவது ஏதாவது வைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இங்கிருப்பவர்களின் மனவுறுதி குலையும் என்று நர்ஸ் சொன்னாராம். மார்பை இழந்தவள் மற்றவர்களின் மனவுறுதியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று அன்றைக்கு நியூயார்க்கில் எதிர்பார்த்தார்கள். இன்றைக்கு உங்கள் வீட்டுக் கூடத்திலும் அதையேதான் எதிர்பார்க்கிறார்கள்.

கண்ணகி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அவள் கோபத்தில் தானே திருகி எறிந்தாள், ஊர் எரிந்தது. உங்களிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கி, மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். நீங்கள் திரும்பி வந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறீர்கள். நமக்குத் தெய்வப் பட்டம் வேண்டாம், பொருந்துகிற ரவிக்கை போதும்.

அந்த ரவிக்கைக்கு வருகிறேன். நம் ஊரில் பலரும் டெய்லரிடம் போய் அளவெடுத்துக்கொள்வதில்லை. நன்றாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுப்போம், வருடக்கணக்கில் அதை வைத்தே தைப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கலாவது அங்கேதான். அந்த அளவு ரவிக்கை இப்போது இல்லாத ஓர் உடம்புக்கானது. அதற்குள் கைக்குட்டை வைத்து நிரப்புகிறவரை, பழைய அளவுக்கு உடம்பை இழுத்துப் பொருத்திக்கொண்டேதான் இருப்போம். எனக்கு எடுத்தது இடது பக்கம். சில மாதம் கழித்து, வழக்கமான டெய்லர் கடைக்குப் போய், "அண்ணே, இடது மார்பை ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க. பழைய அளவு ஆகாது, புதுசா அளவெடுக்கணும்" என்றேன். இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். திரைக்குப் பின்னால் அந்த அம்மா டேப் பிடிக்க, வெளியிலிருந்து அவர் கேட்டுக்கொண்டே எழுதினார்: தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவு, இடது அக்குள் சுற்றளவு எவ்வளவு. செய்தித்தாளில் இரண்டு முன்பக்கம் தனித்தனியாக வெட்டினார். ஒன்றில் "இ", மற்றதில் "வ" என்று எழுதி ஊக்கு குத்தி வைத்தார். அவருக்கு அது ஒரு தையல் கணக்கு, அவ்வளவுதான். உங்கள் டெய்லரும் அப்படி இருக்கவே வாய்ப்பு அதிகம். கூச்சம் விடவில்லையென்றால் வீட்டில் தைக்கிற ஒரு பெண்ணைப் பிடியுங்கள்.

தைக்கிறவரிடம் சொல்ல வேண்டியவை. எடுத்த பக்கத்துக்கு டாட் (மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) வேண்டாம், மற்றப் பக்கத்துக்கு வழக்கம்போல். எடுத்த பக்கத்தில் தோளிலிருந்து இடுப்புக்கு நீளம் குறையும். அதைக் குறைக்காமல் தைத்தால் கழுத்துப் பக்கம் துணி விலகி நிற்கும், குனியும்போது உள்ளே தெரியும். பெண்ணின் அம்மா கல்யாணத்தன்றைக்கு எத்தனை தடவை குனிவாள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் முன்கழுத்தை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், கரண்ட் வைத்துக் கறுத்த தோலும் மறையும். கொக்கி முன்பக்கம்தான், கை பின்னால் வளைய அவஸ்தைப்பட வேண்டாம். கப் வைத்த ரெடிமேட் ரவிக்கை ஒத்துவராது. லைனிங் மெல்லிய மல் துணியாக இருக்கட்டும், தையல் விளிம்பு தழும்பின் மேல் உரசாதபடி திருப்பித் தைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டிலும் வலது கையிலும் பிரித்து விட உள்ளே தாராளமாகத் துணி பிடித்து வைக்கட்டும். நெறிக்கட்டி எடுத்த கை வீங்கக்கூடியது. சிலருக்கு இரண்டு கைக்கும் இரண்டு அளவு வேண்டியிருக்கும்.

சேலையில் உங்களுக்கு என்னைவிடக் கொஞ்சம் கஷ்டம். முந்தானை இடது தோளுக்குப் போவதால் எனக்குத் தானாகவே மூடிவிடும். ஒடுக்கமாக மடிப்பு வைத்துக் குத்தினால் உங்களுடைய வலது பக்கம் வெளியே நிற்கும். மடிப்பை அகலமாக வைத்து, மேல் கரையை வலது அக்குளுக்குக் கீழே உயர்த்திக் கொண்டுபோங்கள். அந்த இடத்தில் ஊக்கு மட்டும் குத்தாதீர்கள். அங்கே உங்களுக்கு மரத்துப்போயிருக்கும், குத்தினாலும் தெரியாது. இரவு ரவிக்கையைக் கழற்றும்போது ரத்தப்பொட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. டிச் பட்டன் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். வலது தோளில் முந்தானை வந்து முன்னால் விரிகிற குஜராத்திக் கட்டும் உங்களுக்கு அழகாக அமையும். காஞ்சிபுரம் பட்டு விறைப்பாகத் தானாகவே நிற்கும் என்பதால் கவலையில்லை. பள்ளிக்குக் கஞ்சி போட்ட கைத்தறி, கட்டம், பூப்போட்டது எல்லாம் நல்லது. ஜார்ஜெட் உடம்போடு ஒட்டும்.

கைக்குட்டையை விட்டுவிடுங்கள், எடையில்லாததால் அது மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஏதாவது வைத்துக்கொள்ளத் தோன்றுகிற நாட்களுக்குப் பருத்தி நூலில் பின்னிப் பஞ்சடைத்த மார்பு கிடைக்கிறது. தன்னார்வலர்கள் பின்னி இலவசமாகத் தருகிறார்கள், உங்கள் ஆஸ்பத்திரி சமூகப்பணியாளரிடம் கேளுங்கள். துவைத்துக் காயவைக்கலாம். ரவிக்கைக்குள் வைக்கிற சிலிக்கான் மார்புக்கு எடை உண்டு, அதனால் மற்ற மார்பு பெரிதாக இருந்து தோளும் கழுத்தும் வலிக்கிறவர்களுக்கு உதவும். ஆனால் நம் வெயிலில் வேர்த்துக் கொட்டும், உள்ளே பை தைத்த பிராவும் வேண்டும். எதுவும் வைத்துக்கொள்ளாமலும் போகலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் போகிறேன். அன்றன்றைக்கு உங்கள் இஷ்டம்தான்.

கல்யாணத்தன்று வலது கையில் வங்கி என்கிற தோள்வளை வேண்டாம், இறுக்கமான வளையலும் வேண்டாம். கனத்த தட்டை அந்தக் கையில் வெகுநேரம் ஏந்தாதீர்கள். கை கனத்தாலோ மோதிரம் இறுகினாலோ பிசியோதெரபிஸ்டிடம் போங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

சம்பந்தி வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களும் மகளும் முடிவு செய்யுங்கள், நாத்தனார் இல்லை. மார்பகப் புற்றில் பரம்பரை மரபணுவால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது வந்திருந்தால் டாக்டரிடம் மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள், அது மகளின் உடல்நலத்துக்காக. கணவர் எதுவும் சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். தழும்பை அவர் பார்த்திருக்கிறாரா? பார்க்கவில்லையென்றால், உங்களுக்கு மனம் வரும்போது நீங்களே காட்டுங்கள். என்ன சொல்வது என்று தெரியாமலே வாயடைத்துப்போகிற ஆண்கள் நிறைய.

இதைப் படிக்கிறவர்களில் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் யாராவது இருந்தால், திரும்ப அமைக்கப் போவதில்லை என்பதை முன்கூட்டியே சர்ஜனிடம் சொல்லுங்கள். அக்குள் பக்கம் சதை மடிப்புத் தொங்காமல் சீராகத் தட்டையாக மூடித் தைக்க ஒரு முறை இருக்கிறது. 2020ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் சொல்லகராதியில் அதற்குத் தனிப் பெயரே சேர்த்தது. கேட்டால்தான் கிடைக்கும்.

தை முகூர்த்தம் என்றால் மார்கழியில் எந்த டெய்லருக்கும் நிமிர நேரமிருக்காது. கார்த்திகை பிறந்ததும் போய்விடுங்கள். பட்டில் கைவைக்கும் முன் சாதாரணக் காட்டனில் ஒன்று தைத்து வாங்கி, ஒரு நாள் முழுக்கப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போங்கள். கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், குனிந்து பாருங்கள், எங்கே இழுக்கிறது என்று குறித்துக்கொண்டு திருத்தச் சொல்லுங்கள். சரியாக வந்ததும் அதை அவரிடமே அளவுக்குக் கொடுத்துவிட்டு, பழையதை வாங்கி வந்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா