எண்ணெயில் ஊறும் பூண்டும் ஏற்காட்டுக் கொதிநீரும்

கேள்வி: பூண்டை உரித்துத் தட்டி, நல்லெண்ணெயில் மூழ்கப் போட்டு, பாட்டிலை இறுக மூடி அரைமணி நேரம் கொதிநீரில் வைத்தெடுத்து, அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். சேலத்தில் இருக்கும் மகளுக்கு இரண்டு பாட்டிலும், ஏழு மாதப் பேரனுக்கு மலைத்தேனும் அனுப்பவிருந்தேன். பூண்டில் பொட்டுலிசம் என்னும் உணவு நச்சு நோய் வரும், வேண்டாம் என்கிறாள் மகள். கொதிக்க வைத்த பிறகுமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: மகள் சொல்வது சரி. அந்தப் பாட்டில்களை அனுப்பாதீர்கள்; ருசியும் பார்க்காதீர்கள். க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் மண்ணில் வாழ்பவை. பூண்டில் ஒட்டிக்கொண்டு அடுக்களைக்கு வந்துவிடும். காற்றுபடும் இடத்தில் அவை வாளாவிருக்கும். ஆனால் எண்ணெய் காற்றை அடைத்துவிட்ட, புளிப்பு இல்லாத பாட்டிலில், அறைச்சூட்டில் நாள்கணக்கில் கிடந்தால் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகம் எண்ணெயில் போட்ட பூண்டைக் குளிரில் வைக்காமல் பயன்படுத்தியதால் 36 பேர் நோயுற்றனர்.

கொதிநீர் போதாது என்பதுதான் இதில் முக்கியம். வித்துகளை அழிக்க 121 டிகிரி செல்சியஸ் வேண்டும். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள உங்கள் ஊரில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகச் சுணங்குவதை அன்றாடம் பார்ப்பவர் நீங்கள். அழுத்தம் குறைந்த மலைக்காற்றில் வீட்டுக் குக்கரும் சமவெளியில் எட்டும் சூட்டை எட்டாது.

மூடி உப்பியிருந்தால் சந்தேகிக்கலாம். உப்பாதிருந்தாலும் நம்ப முடியாது, ஏனெனில் இந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. பாட்டிலைத் திறக்காமல் பையில் கட்டி, நாயும் கோழியும் தொடாதபடி அப்புறப்படுத்துங்கள். எண்ணெய்ப் பூண்டு வேண்டுமென்றால் சிறிதளவு செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

தேன் மகளுக்கு ஆகும், பேரனுக்கு ஆகாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் இதே வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்துவிடும். சேனை வைப்பதாக நாவில் தொட்டு வைக்கும் துளிகூட வேண்டாம்.

ஏற்கெனவே யாரேனும் அந்தப் பூண்டைச் சாப்பிட்டிருந்தால் கவனியுங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, காய்ச்சல் இராது. அறிகுறி ஒன்று தென்பட்டாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குச் சென்று, எண்ணெயில் போட்ட பூண்டைச் சாப்பிட்டதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நச்சுமுறிவு மருந்து நஞ்சு மேலும் பரவாமல் தடுக்குமே தவிர, அதற்குள் செயலிழந்த தசையை உடனே மீட்டுத் தராது.